தலைகீழாய் எரிந்த விளக்கு

“அம்மா, லென்ஸுக்கு முன்னால மலிவான ஃபில்டர் போடலாமா, கூடாதா?”

கேட்டவர் தணிகாசலம். ஆவாரங்குன்றத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். அறுபதை எட்டிப்பிடிக்கப் போகிற வயது.

கேட்கப்பட்டவர் சாமியம்மா. அவருக்கு நாற்பதுகூட இருக்காது. மலையடிவாரத்துக் கல்மண்டபத்தில் இருந்தார்.

அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோரும் சொன்னார்கள். இமயமலையில் கண்ணை மூடி உட்கார்ந்தவர் கண்ணைத் திறந்தபோது மடியில் கரடிக்குட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்ததாம். இல்லையில்லை, ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக்கடையில் கல்லாவில் இருந்தவராம். இரண்டும் நிஜம், அந்தக் கரடிதான் அண்டா கழுவியது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். சாமியம்மாவுக்கு டீ பிடிக்கும். வாயைத் திறப்பது பெரும்பாலும் அதற்குத்தான்.

இப்போதும் கையில் டம்ளர் இருந்தது. தணிகாசலத்தின் கேள்வி அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

“இல்லம்மா, ஃபில்டர்னா என்னன்னு சொல்லிடறேன்,” என்றார் தணிகாசலம். “வட்டமா ஒரு கண்ணாடி. லென்ஸ் மூஞ்சியில திருகி மாட்டறது. தூசி படாது, கீறல் விழாது. நல்லதும் இருக்கு, மலிவும் இருக்கு. நான் வாங்கினதெல்லாம் மலிவு. டவுன்ல என் சிநேகிதன் ஒருத்தன், அதைப் பார்த்துச் சிரிக்கிறான். அதான் கேக்கறேன்.”

சாமியம்மா அவர் பைக்குள் கையை விட்டார். உள்ளே உபரியாக நாலைந்து ஃபில்டர்கள் கிடந்தன. ஒன்றை எடுத்தார். ஊதினார். முந்தானையில் துடைத்தார். டம்ளரின் வாய்மேல் வைத்தார்.

அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

ஓர் ஈ வந்தது. கண்ணாடிமேல் இறங்கியது. கீழே டீயைப் பார்த்தது. முன்னங்கால்களைத் தேய்த்தது. பறந்து போய்விட்டது.

“போடலாம்,” என்றார் சாமியம்மா.

தணிகாசலம் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

அந்தச் சந்தோஷம் வீட்டு வாசல்வரை வந்தது. உள்ளே வரவில்லை. அவர் கேட்க வந்த கேள்வி அதுவே இல்லை.

*

ஆவாரங்குன்றத்தில் தெருக்கள் இரண்டு. மேலத்தெரு, கீழத்தெரு.

மலை ஒன்று. கார்த்திகைக்கு மலைமேல் ஏற்றும் கொப்பரை விளக்கும் ஒன்று. அதில் முதல் நெருப்பை யார் வைப்பது என்பதுதான் தகராறு.

ஒரு வருஷம் மேலத்தெரு ஏற்ற, கீழத்தெரு ஊதி அணைக்க, மேலத்தெரு மறுபடி ஏற்ற, கீழத்தெரு மறுபடி ஊத, அன்றைக்கு மலையிலிருந்து இறங்கிய காற்றில் பக்கத்து ஊரில் ஒரு தென்னந்தோப்பே சாய்ந்தது என்பார்கள். தோப்புக்காரர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு போலீஸ் காவலோடு ஒரு தாசில்தார் ஏறிப் போய், சிகரெட் லைட்டரால் ஏற்றிவிட்டு இறங்கினார். சாமி கண்ணை மூடிக்கொண்டது.

போன கார்த்திகைக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். தணிகாசலம் ஆனைப்பாறையில் ஸ்டாண்டை நிறுத்திப் படம் எடுத்தார். லென்ஸில் அப்போதுதான் வாங்கிய மலிவு ஃபில்டர் இருந்தது. மலைக் குரங்கு ஒன்று முன்னமே ஒரு லென்ஸைப் பிடுங்கிப் பாறையில் உரசிவிட்டிருந்ததால், பட்டுத் தெரிந்து வாங்கியது.

மறுநாள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார்.

மேலே இடது மூலையில் மலை உச்சி. அங்கே விளக்கு.

கீழே வலது மூலையில் இருட்டு. அந்த இருட்டில், கீழத்தெருவின் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே, இன்னொரு விளக்கு.

சின்னதாக, லேசான பச்சையாக, தலைகீழாக எரிந்தது.

தணிகாசலம் கண்ணைக் கசக்கினார். அழிக்கலாமென்று மவுஸைப் பிடித்தார். பிடித்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்.

“அது எங்க தொட்டியாச்சே!”

ராசமாணிக்கம். கீழத்தெருவின் பெரிய ஆள். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காக வந்தவர், பவுடர் பூசிய முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் கீழத்தெரு மொத்தமும் ஸ்டுடியோ வாசலில் நின்றது. அடுத்து மேலத்தெருவும் வந்தது. சண்டைதான் வரப்போகிறதென்று தணிகாசலம் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

சண்டை வரவில்லை.

“மலையில எரியறது உங்களுக்கு. தொட்டி மேல எரியறது எங்களுக்கு,” என்றது கீழத்தெரு. “சாமியே பிரிச்சுக் குடுத்துருச்சு. இனிமே நீங்களே ஏத்திக்குங்கப்பா. எங்களுக்குத்தான் தானா வருதே.”

“ஏன் தலைகீழா இருக்கு?” என்று மேலத்தெருவில் ஒருவர் கேட்டார்.

“சாமி மேலேருந்து குனிஞ்சு பாக்குதுய்யா. நீ குனிஞ்சு பாரு, உன் தலை எப்படி இருக்கும்?”

அவர் குனிந்து பார்த்தார். ஒத்துக்கொண்டார்.

அந்தப் படம் ஃபிளெக்ஸ் ஆனது. காலண்டர் ஆனது. தீப்பெட்டி அளவில் கண்ணாடிச் சட்டம் போட்டு பஸ்ஸின் முன்பக்கம் தொங்கியது. இரண்டு தெருவும் ஒரே டீக்கடையில் டீ குடித்தன. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தன. தாசில்தாருக்கு லைட்டரைத் திருப்பி அனுப்பி நன்றி சொன்னார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று நடந்தது.

தணிகாசலம் மேலத்தெரு. அவர் மகள் அல்லி. ராசமாணிக்கத்தின் மகன் இளம்பரிதி. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவர்கள். பஸ்ஸில் நடந்தது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தது அப்பாக்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது, விளக்கு வந்த நேரமாக இருந்ததால், அரிவாளுக்குப் பதில் வெற்றிலைத் தட்டு வந்தது.

அடுத்த கார்த்திகை தாண்டி வரும் தையில் கல்யாணம் என்று நிச்சயமானது.

அதற்குப் பிறகுதான் தணிகாசலம் அந்தப் படத்தை டவுன் சிநேகிதனிடம் பெருமையாகக் காட்டினார்.

சிநேகிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“யோவ், இது சாமியில்லய்யா. மலிவு ஃபில்டர்! விளக்கு வெளிச்சம் உள்ள போகுது. உள்ள மோதித் திரும்பி வருது. அந்தக் கண்ணாடி மட்டமா இருக்கறதால அதுல மோதி மறுபடி உள்ள விழுது. அதான் எதிர் மூலையில, தலைகீழா. கழட்டிட்டு எடு, காணாமப் போயிடும்.”

தணிகாசலம் டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

அடுத்த கார்த்திகை வந்துகொண்டிருந்தது.

*

சாமியம்மா ‘போடலாம்’ என்று சொன்ன பிறகு தணிகாசலம் ஸ்டுடியோவில் குத்துவிளக்கை ஏற்றி, அந்தக் கேமராவால் ஒரு படம் எடுத்துப் பார்த்தார்.

ஐந்து முகம் பத்து முகமாக வந்தது.

எல்லாம் தெரிந்தும் அவருக்குக் கும்பிடத் தோன்றியது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மறுபடியும் மண்டபத்துக்குப் போனார்.

“அம்மா, இல்லாததைக் காட்டுது.”

சாமியம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் தெரியாமப் போட்டேன். இந்த வருஷம் தெரிஞ்சே போடணும். இந்த வருஷம் போட்டா அடுத்த வருஷமும் போடணும். அதே பாறை, அதே மூலை, அதே கண்ணாடி. எனக்கு அப்புறம் எவன் போடுவான்?”

டீ ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குக் கயிறுபோல் இறங்கியது.

“போடலைன்னா விளக்கு வராது. வரலைன்னா, மேலத்தெருக்காரன் மறைச்சுட்டான்னு கீழத்தெரு சொல்லும். சாமி கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுன்னு மேலத்தெரு சொல்லும். மறுபடி ஆரம்பிக்கும். எம் பொண்ணு கல்யாணம் நடுவுல நிக்கும்.”

“கழட்டுங்க, பார்க்கலாம்,” என்றார் சாமியம்மா.

“என்னது?”

“கேமராவுல இருக்கற கண்ணாடியை.”

தணிகாசலம் கேமராவை வெளியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“வராதும்மா.”

“ஏன்?”

அவர் சொல்லக் கூச்சப்பட்டார். பிறகு காட்டினார்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் கருவிக்குப் பொட்டு வைப்பார்கள். ஆனால் இது விளக்கை வரவழைத்த கேமரா. இரண்டு தெருவும் வரிசையில் நின்று ஆளுக்கொரு பொட்டு வைத்தன. உடம்பில் இடம் தீர்ந்துபோய், ஃபில்டர் வளையத்தைச் சுற்றிச் சுற்றி வைத்தார்கள். சந்தனம் திருகு மரைக்குள் இறங்கியது. குங்குமம் அதன்மேல் படிந்தது. காய்ந்து சிமென்ட் ஆகிவிட்டது.

“பக்தி உள்ள போய் இறுகிடுச்சும்மா,” என்றார் தணிகாசலம்.

“முயற்சி பண்ணுங்க.”

பிடித்துத் திருகினார். வரவில்லை. பல்லைக் கடித்துத் திருகினார். முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. மண்டபத்துத் தூணில் இருந்த ஓணான்கூடத் தலையாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஃபில்டர் அசையவில்லை.

“ரொம்பக் கெட்டியாப் பிடிக்கறீங்க,” என்றார் சாமியம்மா.

“பிடிக்காம எப்படிம்மா கழட்டறது?”

சாமியம்மா காலை அசைத்தார். ஒரு ரப்பர் செருப்பு தணிகாசலத்தின் முன்னால் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

“அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல வைங்க. அழுத்த வேணாம். சும்மா வச்சுத் திருப்புங்க.”

தணிகாசலம் செருப்பைப் பார்த்தார். வளையமெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பிய கண்ணாடியைப் பார்த்தார்.

“செருப்பையா?”

“ஆமா.”

“இதுமேலயா? ஊரே பொட்டு வச்சதும்மா!”

“கண்ணாடிதானே?”

“அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே!”

“இங்க ஊர் இல்லையே.”

தணிகாசலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாற்பது வயதுகூட ஆகாத பெண், அப்பன் வயசு ஆளிடம் செருப்பைத் தள்ளிவிடுகிறாள்! கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.

பாதிப் படியில் எதிரே ஏறி வந்தது ராசமாணிக்கம்.

ஒரே வீட்டில் சந்தித்துக்கொண்ட இரண்டு திருடர்கள்போல் நின்றார்கள்.

“வாங்க சம்பந்தி. எங்க இந்தப் பக்கம்?” என்றார் தணிகாசலம்.

“சும்மா, காத்து வாங்கலாம்னு.”

“இங்கயா? இந்தப் பக்கம் காத்தே அடிக்காதே.”

“அதான் சம்பந்தி, எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கான்னு பாக்க வந்தேன். நீங்க?”

“நானும் காத்துக்குத்தான்.”

ஓர் இலைகூட ஆடவில்லை. இருவரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள்.

“இந்த வருஷமும் நீங்கதானே படம்?” என்றார் ராசமாணிக்கம். முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துக் கேட்டார்.

“நான்தான்.”

“வரும்ல?”

“எது?”

“அதான்… அது.”

“வரணும் சம்பந்தி.”

“வரணும்,” என்றார் ராசமாணிக்கமும். சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

தணிகாசலம் நாலு படி இறங்கியிருப்பார். பின்னால் ராசமாணிக்கம் ஏதோ தணிந்த குரலில் கேட்பதும், சாமியம்மா பதில் சொல்வதும் காதில் விழுந்தது.

“வந்தா எங்க உக்காரும்?” என்றார் சாமியம்மா.

கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு தணிகாசலம் நடந்தார்.

*

கார்த்திகை வந்தது.

வெயில் சாயும்போதே தணிகாசலம் ஆனைப்பாறைக்குப் போனார். ஊர் இன்னும் கிளம்பவில்லை. பாறையில் செருப்போடு ஏறக் கூடாது. அடியில் கழற்றிப் போட்டார். பக்கத்தில் இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது.

மேலே சாமியம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு தூக்குவாளி. ஒரு டம்ளர். டம்ளர்மேல் அந்த ஃபில்டர்.

தணிகாசலத்துக்குக் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. ஸ்டாண்டை விரித்தார். கேமராவை மாட்டினார். மேலே மலை உச்சி. கீழே கீழத்தெரு. தண்ணீர்த் தொட்டி. எல்லாம் போன வருஷத்து இடத்தில் அப்படியே இருந்தன.

அவர் மட்டும் போன வருஷம் மாதிரி இல்லை.

காலையில் அல்லி கேட்டிருந்தாள். “அப்பா, இந்தத் தடவை அந்தப் படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு எனக்குக் குடுப்பீங்களா? அந்த வீட்டுல முதல்ல அதைத்தான் மாட்டப் போறேன்.”

அவர் சரி என்று சொல்லியிருந்தார். சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை.

சாமியம்மா டம்ளரை எடுத்தார்.

மூடியிருந்த ஃபில்டரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே வாயில் வைத்துச் சாய்த்தார். டீ கண்ணாடிவரை வந்தது. நின்றது. ஓரமாக ஒரு சொட்டு கசிந்து தாடையில் வழிந்தது.

துடைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். இன்னொரு சொட்டு.

தணிகாசலம் பார்க்காததுபோல் இருந்தார். எத்தனை நேரம் இருப்பது?

“அம்மா, மூடியை எடுத்துட்டுக் குடிங்க.”

“ஈ விழுமே.”

“இப்ப ஈ எங்கம்மா இருக்கு?”

சாமியம்மா சுற்றிலும் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். டம்ளரின் அடியில்கூடப் பார்த்தார்.

“ஆமா, இல்ல,” என்றார்.

மூடியை எடுத்துப் பாறையில் வைத்தார். ஒரே மடக்கில் குடித்தார்.

தணிகாசலம் கேமராவைத் திரும்பிப் பார்த்தார். ஃபில்டரில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. ஆடி மாதம் ஒரு குரங்கு பிடுங்கப் பார்த்தபோது விழுந்தது. அதற்குப் பின்னால் லென்ஸ் பிறந்த குழந்தையின் கண்போல் இருந்தது.

மலையைப் பார்த்தார். குரங்குகள் எல்லாம் தூங்குகிற மரத்துக்குப் போய்விட்டிருந்தன.

ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றினார்.

பாறைமேல் செருப்பு வரக் கூடாது. அதனால் கேமராவைக் கீழே கொண்டுபோனார்.

தன் செருப்பையே எடுத்தார். கண்ணாடிமேல் வைத்தார். அழுத்தவில்லை. திருப்பினார்.

நற், என்று ஒரு சின்னச் சத்தம். மரையிலிருந்து காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பிறகு வளையம் தண்ணீரில் சுற்றும் இலைபோல் சுற்றிக்கொண்டு கையில் வந்தது.

செருப்பில் சந்தன வாசம் அடித்தது.

ஃபில்டரை அவர் எறியவில்லை. ஊதி, துணியில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக்கும் குரங்கு வரும்.

மேலே வந்தபோது சாமியம்மா தூக்குவாளியிலிருந்து இன்னொரு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

*

ஊர் வந்தது.

மேலத்தெரு ஒரு பக்கம். கீழத்தெரு ஒரு பக்கம். நடுவில் குழந்தைகள். மத்தளமும் நாதஸ்வரமும் வந்தன. நாதஸ்வரக்காரர் மூச்சு பிடித்தால் அடுத்த கார்த்திகைக்குத்தான் விடுவார் என்று பேர் வாங்கியவர்.

“எங்கய்யா ராசமாணிக்கம் அண்ணனைக் காணோம்?” என்றார் ஒருவர்.

“வருவாருப்பா. காலையிலேருந்தே ஒரு மாதிரி ஓடிக்கிட்டிருக்காரு.”

மலை உச்சியில் தீப்பந்தம் அசைந்தது. மேலத்தெருக்காரர்கள் ஏறியிருந்தார்கள். இந்த வருஷம் போலீஸ் இல்லை.

எல்லாக் கழுத்தும் மலைப் பக்கம் திரும்பியது.

கொப்பரையில் நெருப்பு பிடித்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு ஒரு விரல். பிறகு ஆள் உயரம். “அண்ணாமலைக்கு அரோகரா!” என்று ஊர் எழுப்பிய சத்தத்தில் மேகம் ஒன்று வழிவிட்டு ஒதுங்கிப் போனது.

தணிகாசலம் பட்டனை அழுத்தினார்.

கேமரா மெதுவாக வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் முழுக்க அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளின் கல்யாணத் தேதியை நினைத்தார். பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபம் பேசியாயிற்று. வராது. வராவிட்டால் என்ன சொல்வது? ஒன்றும் சொல்ல வேண்டாம். இருப்பது இருக்கிறபடி வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

க்ளிக்.

“காட்டுங்க மாமா! காட்டுங்க!”

அதற்குள் ஊரே கேமராவைச் சூழ்ந்துகொண்டது. தணிகாசலம் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தமே இல்லை.

நாதஸ்வரக்காரர்கூட மூச்சை விட்டுவிட்டார்.

பிறகு கீழத்தெருப் பெண் ஒருத்தியின் குரல்.

“ரெண்டு!”

“ரெண்டுடா! ரெண்டு!”

“அரோகரா!”

தணிகாசலம் கண்ணைத் திறந்தார். திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

மேலே இடது மூலையில் மலை விளக்கு.

கீழே வலது மூலையில், தொட்டிமேல், இன்னொரு விளக்கு.

லென்ஸைத் தொட்டுப் பார்த்தார். வெறும் லென்ஸ். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஃபில்டர் உள்ளே இருந்தது.

மறுபடி திரையைப் பார்த்தார். இந்த விளக்கு பச்சையாக இல்லை. மஞ்சளாக இருந்தது. அதன் வெளிச்சத்தில் தொட்டியின் விளிம்பு தெரிந்தது. விளிம்பில் சாத்தியிருந்த ஏணியின் மேல்படி தெரிந்தது. படியில் யாரோ மறந்துவிட்ட துண்டுகூடத் தெரிந்தது.

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

கீழத்தெருவில், தண்ணீர்த் தொட்டிமேல், ஒரு பெரிய மண்சட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்றில் அசைந்தது. அணையவில்லை.

ஊரில் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாமியம்மா மட்டும் தொட்டியைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பாறைக்குப் பின்னாலிருந்து யாரோ இரைக்க இரைக்க ஏறி வரும் சத்தம் கேட்டது. ராசமாணிக்கம். வேர்த்து ஊற்றியது. முழங்காலில் சிராய்ப்பு. தோளில் துண்டு இல்லை.

“வந்துச்சா சம்பந்தி?”

“வந்துச்சு.”

“அப்பாடா,” என்று பாறையில் உட்கார்ந்தார். சாமியம்மா தன் டம்ளரை அவரிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தார்.

தணிகாசலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஃபில்டரை எடுத்து, துணியைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

ராசமாணிக்கம் அதைப் பார்த்தார். கேமராவின் வெறும் முகத்தைப் பார்த்தார்.

“கழட்டிட்டீங்களா?”

“உங்களுக்கு இது தெரியுமா சம்பந்தி?”

“பையன் சொன்னான். கண்ணாடி செய்யற வேலைன்னு.”

“எப்ப?”

“படம் பார்த்த அன்னிக்கே.”

“அன்னிக்கேவா! அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

ராசமாணிக்கம் வேட்டி முனையை முறுக்கிப் பிழிந்தார். பாறையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்தது.

“போங்க சம்பந்தி. போன வருஷம் தலைகீழா எரிஞ்சுது, ஒரு சொட்டு சிந்தல. இந்த வருஷம் நேரா எரியுது, வேட்டி பூரா எண்ணெய்.”